தொலைவில் துல்லியம், நேரத்தில் தடுமாற்றம்: ஒரு வான்வழிக் கணிப்பான்

பிராங்க்பர்ட்டிலிருந்து லிஸ்பனுக்குச் செல்லத் திட்டமிட்டபோது, இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிட்டுத் தரும் இலவச இணையச் சேவை ஒன்றைப் பயன்படுத்தினேன். தொலைவு 1,873 கிலோமீட்டர், நேரம் 2 மணி 50 நிமிடம் என்று அது காட்டியது. முதல் எண்ணை நம்பலாம். இரண்டாவதை நம்பி எந்த ஏற்பாட்டையும் செய்துவிடக் கூடாது.

பூமியின் வளைபரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையைக் கொண்டே இச்சேவை தொலைவைக் கணக்கிடுகிறது. வரைபடத்தில் அது வரையும் கோடு பிரான்ஸைக் குறுக்காகக் கடந்து, ஏறத்தாழப் பாதி வழியில் அந்நாட்டின் போர்தோ நகரை (போர்ச்சுகலின் போர்ட்டோ அல்ல) ஒட்டிச் சென்று, பிஸ்கே விரிகுடாவின் ஓரத்தைத் தாண்டி ஸ்பெயினுக்குள் நுழைகிறது. விமானம் அந்தக் கோட்டின் மீதே பறப்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் இந்த எண்ணுக்குப் பண மதிப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி இழப்பீட்டுக்கான தொலைவைப் பெருவட்ட முறையிலேயே அளக்கச் சொல்கிறது. விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணமின்றி விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சென்றடைந்தால், ஒன்றியத்துக்குள் 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 250 யூரோவும், அதைத் தாண்டினால் 400 யூரோவும் பயணிக்குக் கிடைக்கும். ஒரே முன்பதிவில் இடையே விமானம் மாறிச் சென்றாலும், புறப்பட்ட இடத்துக்கும் இறுதியாகச் சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்த்தொலைவே கணக்கில் வரும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

நேரக் கணக்குதான் ஏமாற்றம் அளிக்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம், ஏறி இறங்க அரை மணி நேரம் என்று வைத்துக் கூட்டிப் பார்த்தால், அந்த 2 மணி 50 நிமிடம் அப்படியே வந்துவிடுகிறது. இதனால் போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரத்தைத்தான் அது காட்டுகிறது. வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று லிஸ்பனுக்குச் செல்லும் விமானத்தை எதிர்க்கிறது, திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும் நேரமும் கணக்கில் இல்லை. என் பயணச்சீட்டில் போகும்போது 3 மணி 10 நிமிடம் என்றும், வரும்போது 2 மணி 55 நிமிடம் என்றும் இருந்தது. போர்ச்சுகல் ஜெர்மனிக்கு ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதையும் இச்சேவை சொல்வதில்லை. காலை 9 மணிக்குப் புறப்பட்ட நான் உள்ளூர் நேரப்படி 11.10க்கே இறங்கிவிட்டேன், கணிப்பானை நம்பி அழைத்துச் செல்ல வருவோருக்கு 11.50 என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

இன்னொரு குறையும் உண்டு. பிராங்க்பர்ட் என்று தட்டினால் நகரை ஒட்டிய பெரிய நிலையத்தோடு, சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பிராங்க்பர்ட்-ஹான் நிலையமும் எந்த விளக்கமும் இன்றிப் பட்டியலில் வருகிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் குறைந்துவிடும். ஊர்ப் பெயருக்குப் பதிலாக நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைத் தட்டினால் இந்தக் குழப்பம் நேராது.