ஐஆர் போர் கிட் வாங்குவோர் கவனத்துக்கு: ஈயம் தொடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள்

ஐஆர் (அகச்சிவப்பு) ஒளியால் ஒன்றையொன்று சுட்டு விளையாடும் 1/16 அளவு ரிமோட் டாங்கிகளுக்கு "பொருத்தினால் போதும், சண்டைக்குத் தயார்" என்ற விளம்பரத்தோடு விற்கும் ஐஆர் கிட் ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறோம். நான்கு டிஎஸ்ஓபி4838 ரிசீவர்கள் (38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஐஆரைக் கேட்பவை), அவற்றுக்கான கோபுர போர்டு, பீரங்கிக் குழலுக்கு 940 நானோமீட்டர் எல்இடி, முன்கூட்டியே புரோகிராம் ஏற்றிய கன்ட்ரோலர், டாமியா நிறுவன டாங்கிகளோடு ஒத்துப்போகும் என்ற உறுதிமொழி. பட்டியலில் இருந்தது இவ்வளவு. பெட்டிக்குள் வந்ததில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. புகார் சொன்னதும் வந்த பதில் ஒரே வரி: "சால்டர் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்."

அந்த ஒரு வரியை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஈயம் வைக்காமல் (சால்டர் செய்யாமல்) கிட் ஓடாது. ஈயம் வைத்துவிட்டால் திருப்பித் தர முடியாது. அதனால் கீழே சொல்லும் எல்லாச் சோதனையையும் பிரெட்போர்டில் (ஈயமில்லாமல் செருகிப் பார்க்கும் பலகை), பாகங்களின் கால்களை வெட்டாமல், வீடியோ எடுத்துக்கொண்டே செய்யுங்கள்.

முதலில் கோபுர போர்டு. பெரிய மோசடி இங்கேதான். டிஎஸ்ஓபி4838-இன் கால் வரிசை, லென்ஸ் நம்மைப் பார்த்திருக்கும்போது இடமிருந்து வலமாக அவுட், கிரவுண்ட், சப்ளை. பழைய டிஎஸ்ஓபி1738-இல் அது கிரவுண்ட், சப்ளை, அவுட். கிட்டில் வந்த போர்டு 1738-க்காக வரைந்தது. உடன் வந்த ரிசீவர்கள் 4838 வரிசை. போர்டில் அச்சிட்ட வடிவத்தைப் பார்த்து அப்படியே செருகினால் ரிசீவரின் கிரவுண்ட் காலுக்கு 5 வோல்ட் போகும், அவுட் கால் கிரவுண்டில் உட்காரும். சில நொடிகளில் விரல் வைக்க முடியாத அளவு சுடும். திருப்பிச் செருகினாலும் தீராது, ஏனென்றால் நடுக்காலே வேறு. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, நடு ஓட்டை பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 4838 வகைக்கு அது சேர்ந்தே இருக்க வேண்டும். பீப் வரவில்லை என்றால் அப்படியே எடுத்து வைத்துவிட்டுப் புகார் போடுங்கள்.

ரிசீவரின் மேல் என்ன அச்சிட்டிருந்தாலும் அதை நம்ப வேண்டாம். சப்ளைக்கு முன்னால் 100 ஓம் ரெசிஸ்டர், ரிசீவரின் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோஓம், ஒரு சாதாரண சிவப்பு எல்இடி வழியாக அவுட் காலுக்கு வாருங்கள். ரிசீவர் சிக்னல் கிடைக்கும்போது அவுட்டை லோ ஆக்கும் என்பதால் டிவி ரிமோட்டை அழுத்தினால் எல்இடி துடிக்கும். யாரும் எதையும் அழுத்தாதபோது அது அணைந்தே இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தவை அறையின் எல்இடி பல்புக்குக் கீழே தானாகவே மினுக்கின. பல்பை அணைத்ததும் நின்றன. சண்டையில் அதுதான் "யாரும் சுடாமலே அடிபட்டேன்" என்ற புகாராக மாறும்.

டிவி ரிமோட்டுக்குத் துடித்தால் மட்டும் ரிசீவர் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவர் காட்டும் டெமோ வீடியோக்களும் இதே தந்திரம்தான். ரிமோட்டுகளில் ஆர்சி5 வகை 36 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும், என்இசி வகை 38, சோனி 40. கைக்கு எட்டும் தூரத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரு 38 ரிசீவர் பதில் சொல்லும். மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கும் டாங்கிக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஒரே ரிமோட்டை எடுத்துக்கொண்டு, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ரிசீவரோடு பக்கத்தில் வைத்து, பின்னால் நடந்துகொண்டே போய் எது முதலில் கைவிடுகிறது என்று பாருங்கள்.

சுடும் பக்கத்துக்கு வருவோம். கன்ட்ரோலர் சிப்பின் மேலிருந்த எழுத்தைத் தேய்த்து அழித்திருந்தார்கள். போர்டில் நேரத்தைத் துல்லியமாக்கும் கிரிஸ்டல் கிடையாது. கிரிஸ்டல் இல்லாத போர்டு என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை, ஆனால் அளந்து திருத்தியிருக்க வேண்டும். உதாரணமாக ஏடிமெகா328 என்ற கன்ட்ரோலர் சிப்பின் உள் ஆசிலேட்டருக்குத் (துடிப்பை உருவாக்கும் சுற்று) தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. 38 கிலோஹெர்ட்ஸ் என்று புரோகிராமில் எழுதினாலும் வெளியே வருவது 34-ஆகவும் இருக்கலாம், 42-ஆகவும் இருக்கலாம். ரிசீவரின் வடிகட்டியோ 38-ஐச் சுற்றி இருபுறமும் 5 சதவீதம் அளவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். அதைத் தாண்டினால் காது மந்தமாகிவிடும். மல்டிமீட்டரின் ஹெர்ட்ஸ் அளவை இங்கே உதவாது, சிக்னல் விட்டுவிட்டு வருவதால் ஏதோ ஒரு எண் காட்டும். மலிவான எட்டுச் சேனல் லாஜிக் அனலைசர் (சிக்னலின் துடிப்புகளைக் கணினித் திரையில் காட்டும் கருவி) போதும். எல்இடியை ஓட்டும் டிரான்சிஸ்டரின் பேஸ் ரெசிஸ்டருக்கு முன்னால் பிடித்து, ஒரு துடிப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்ததின் தொடக்கம் வரை அளந்து பாருங்கள். 26.3 மைக்ரோநொடி வர வேண்டும். எங்களுடையதில் 29-ஐத் தாண்டியது, அதாவது 34 கிலோஹெர்ட்ஸ் பக்கம்.

அதே திரையில் இன்னொன்றும் தெரிந்தது. எந்திரத் துப்பாக்கிக்கு இடைவெளியே விடாமல் கேரியரை (அந்த வேகத் துடிப்பை) நீளமாக அனுப்புகிறது அந்த புரோகிராம். இந்த வகை ரிசீவர்களுக்குள் தானாகக் கூர்மையைக் குறைத்துக்கொள்ளும் சுற்று இருக்கிறது. விளக்கொளி போன்ற தொடர் இரைச்சலை ஒதுக்கத்தான் அது. குறைந்தது பத்துத் துடிப்புகள் கொண்ட கொத்து, பிறகு அதற்கேற்ற இடைவெளி என்று வந்தால்தான் அதைச் சிக்னல் என்று ஏற்கும். இடைவெளி இல்லாமல் பாய்ச்சினால் இரைச்சல் என்று முடிவுகட்டி மௌனமாகிவிடும். முதல் குண்டு பதிவாகும், அடுத்து எத்தனை சுட்டாலும் எதிரிக்கு உறைக்காது. இதை எந்த சால்டரிங்காலும் சரிசெய்ய முடியாது. புரோகிராமைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கினால் இதோடு வாழ வேண்டியதுதான்.

எல்இடி எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். இருட்டறையில் சுடச் சொல்லி, வெறும் கண்ணால் முனையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். மங்கலான சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது 850 நானோமீட்டர். 940 கண்ணுக்குத் தெரியாது, போனின் முன் கேமராவில்தான் தெரியும். 850-உம் வேலை செய்யும், ஆனால் ரிசீவரின் கூர்மை 950-ஐ ஒட்டித்தான் உச்சம், எனவே தூரம் குறையும்.

ரெசிஸ்டர்தான் எங்களுக்கு ஆத்திரம் மூட்டியது. 7.2 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து 10 ஓம் மட்டும் போட்டிருக்கிறார்கள். எல்இடியில் 1.35, டிரான்சிஸ்டரில் 0.2 வோல்ட் கழித்தால் மீதி 5.65. பத்தால் வகுத்தால் 565 மில்லிஆம்பியர். டிஎஸ்ஏஎல்6200 போன்ற நல்ல 5 மில்லிமீட்டர் எல்இடிக்கே தொடர் மின்னோட்டம் 100, பாதி நேரம் அணைந்திருக்கும் துடிப்பில் 200 தான் எல்லை. வாங்கிய புதிதில் பிரமாதமாகச் சுடும், பிறகு மெல்ல ஒளி இறங்கும். அதற்குள் திருப்பியனுப்பும் காலம் முடிந்திருக்கும். 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து எடுத்து 33 ஓம் போடுங்கள், ஏறக்குறைய 100 மில்லிஆம்பியர் வரும். இன்னும் தூரம் வேண்டும் என்றால் மின்னோட்டத்தை ஏற்றாதீர்கள். குறுகிய கோணமுள்ள எல்இடியை எடுத்துக் குழலுக்குள் நேராக நிறுத்துங்கள். பின்பக்கம் கறுப்பு ஹீட்ஷ்ரிங்க் போட்டு மூடுவதும் முக்கியம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில பிளாஸ்டிக்குகள் ஐஆரை உள்ளே விடும், அப்போது டாங்கி தன்னையே சுட்டுக்கொள்ளும்.

மோட்டார் இரைச்சலுக்கு என்று கொடுத்த கெப்பாசிட்டர்களில் 104-க்குப் பதில் 103 என்று இருந்தது. 100 நானோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 10. படித்துப் பார்க்காமல் ஈயம் வைத்துவிடாதீர்கள். பிரஷ் மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உறைக்கு ஒன்று, ஆக மோட்டாருக்கு மூன்று. உறையை அரத்தால் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும்.

கிட்டோடு வந்த ஃப்ளக்ஸை எலக்ட்ரானிக்ஸில் பயன்படுத்தவே வேண்டாம். டப்பாவில் துத்தநாக குளோரைடு என்று இருந்தால் அது தகரம், குழாய் வேலைக்கானது. போர்டில் எஞ்சி நின்று செம்பை அரிக்கும். ரோசின் உள்ளீடு கொண்ட 63/37 ஈயக்கம்பி 183 டிகிரியிலேயே உருகும். சால்டரிங் இரும்பின் முனையை 330 முதல் 350 டிகிரி வரை வைத்து, ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடிக்கு மேல் போகாமல் முடித்துவிடலாம். எல்இடியின் உடலிலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள்.

"டாமியாவோடு ஒத்துப்போகும்" என்பதைச் சோதிக்க ஒரே வழி, உண்மையான டாமியா டாங்கியைச் சுடச் செய்து ரிசீவரின் அவுட்டை லாஜிக் அனலைசரில் பதிந்து, கிட்டின் சிக்னலோடு ஒப்பிடுவது. டாமியாவும் இன்னொரு டாங்கி நிறுவனமான ஹெங் லாங்கும் ஒரே குறியீட்டைப் பேசுவதில்லை. எது எந்தக் குறியீடு என்று ஓபன் பான்சர் என்ற திறந்தமூலத் திட்டத்தின் புரோகிராமில் வெளிப்படையாக இருக்கிறது, வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அதில் எது என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி ஈயமும் வைத்துவிட்டவர்கள் கோபுர போர்டைத் தூக்கிப்போட வேண்டாம். சூடாகாத ரிசீவர்களைக் கழற்றி, அவுட் காலை மூன்றாம் ஓட்டைக்கும், கிரவுண்டை முதல் ஓட்டைக்கும், சப்ளையை நடு ஓட்டைக்கும் மெல்லிய ஸ்லீவ் போட்ட கம்பியால் கொண்டுபோங்கள். நான்கு அவுட்டையும் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை ரிசீவர் பக்கம். கன்ட்ரோலர் பக்கம் 10 கிலோஓம் புல்-அப் (சப்ளைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்). கன்ட்ரோலரை மட்டும் மாற்றியே ஆக வேண்டும்.