என்ஜின் பிரித்த வண்டி: நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஒருமுறை என்ஜினில் கை வைத்துவிட்டால் வண்டி பழையபடி வராது என்று சொல்லாத ஆளே இல்லை. என்னுடைய ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு பைக்கை ஹெட் (என்ஜினின் மேல்மூடி) முதல் பிஸ்டன் வரை நானே பிரித்து வேலை பார்த்து, அதன் பிறகு மழை, வெயில், நெடுந்தூரம் எல்லாம் ஓட்டியாயிற்று. அந்தப் பேச்சு அளவெடுக்காமல் மூடிய என்ஜினுக்குத்தான் பொருந்தும் என்பது என் கருத்து.

பிரிக்கக் காரணம் நீலப் புகை, அதாவது என்ஜின் ஆயில் எரிவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகப்படலாம். எனக்கோ ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன், குறைவு. பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும் முள் நன்றாக ஏறியது. அப்படி ஏறினால் கசிவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம். ஏறாமல் இருந்தால் வால்வைப் பார்க்க வேண்டும்.

கழற்றும் வேலை பயந்த அளவுக்கு இல்லை. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (வால்வுகள் மூடியிருக்கும்போது) பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டைமிங் குறியைப் பார்த்துக்கொண்டு, வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டிவிட வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிஸ்டனைப் பிடித்திருக்கும் பின்னின் லாக்கை எடுக்கும் முன், கிராங்க் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். அந்தச் சின்ன லாக் துள்ளி உள்ளே போனால் தேடி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) வெளியே வந்ததும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் லேசாக நகர்ந்தது, அது இருக்க வேண்டிய இடைவெளிதான். ஆகவே கிராங்க் கேஸைத் தொடவில்லை. பிரித்ததுதான் பிரித்தோம், எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பிளாக்கை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் அளந்தபோது தேய்மானம் வரம்பைத் தாண்டியிருந்தது. 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (பழையதைவிடப் பெரிய) பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்தே லேத் பட்டறையில் கொடுத்தேன். போர் (சிலிண்டரின் உள்துளை) அந்தப் பிஸ்டனின் அளவுக்குத்தான் வர வேண்டும். ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) முடிந்து வந்த சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். ஆயில் தங்குவது அவற்றில்தான், எனவே கண்ணாடி மாதிரி பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள்.

பலர் தாண்டிப் போவது ரிங் இடைவெளியை. ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி சுவரைக் கீறிவிடும். ரிங்கில் குறியிட்ட பக்கம் மேலே வர வேண்டும். மூன்று ரிங் என்றால் அவற்றின் வாய்களை (முனைகளின் இடைவெளிகளை) 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்கலாம். நட்டுகளை இறுக்க, விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்; அளவுக்கு அந்த வண்டியின் மேனுவல்.

அப்புறம் ஓட்டம். ஆரம்பத்தில் முழுசாக முறுக்காமல், ஒரே வேகத்திலும் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்தபோது வெயிலில் பொடி மினுமினுத்தது. ரிங் படியும்போது அப்படித்தான். அடுத்தடுத்த ஆயிலில் அது இல்லை.

இப்போது புகை அறவே இல்லை. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஊற்ற வேண்டியிருப்பதில்லை. மேட்டில் கியர் குறைக்காமல் ஏறுகிறது. குறையும் உண்டு: நீண்ட வெயில் ஓட்டத்துக்குப் பின் பிளாக் அடி பேக்கிங்கில் லேசாக ஆயில் வியர்க்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் இன்னும் இடம் இருந்ததால் பழைய டைமிங் செயினையே போட்டேன். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் சலசலக்கும், சூடேறினால் அடங்கிவிடும்.

கிராங்க் பக்கம் தட்டும் சத்தம் வரும் வண்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு மேக்னட்டைக் கழற்றும் புல்லர், கேஸ் பிரிக்கும் கருவி, பிரஸ் எல்லாம் வேண்டும். அதை வீட்டில் வைத்து நான் செய்ய மாட்டேன்.