ஏசியில் சூடான காற்று வந்தால், கேஜ் மாட்டாமல் "கேஸ் காலி" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

மதுரையில் ஒரு கார் ஏசி கடையில் இந்தக் கோடையில் எங்களிடம் சுளையாக 26,000 ரூபாய்க்கு மேல் வாங்கிவிட்டார்கள். பழுது அப்படியே இருந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே பேச்சைப் பேசுகிற கடை உங்கள் ஊரிலும் இருக்கலாம் என்பதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நான்குவழிச் சாலையில் வேகமாகப் போனால் ஏசி நன்றாகக் குளிரும். சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் வெறும் சூடான காற்றுதான். வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிரும். கடையில் இதை இப்படியேதான் சொன்னேன். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும் என்று பின்னால் தெரிந்தது.

அங்கே இருந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். கேஜ் (கேஸின் அழுத்தத்தை அளக்கும் கருவி) எதுவும் மாட்டவில்லை. ஏசி பைப்பில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே தெரிந்த ஊசியை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. "கேஸ் கம்மி சார், போட்டா சரியாயிடும்" என்றார். அந்தச் சத்தத்தை வைத்து, உள்ளே ஏதோ அழுத்தம் இருக்கிறது என்பதைத் தவிர எதையும் சொல்ல முடியாது. 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். குளிர்ந்தது.

மறுநாள் மதியம் பழைய கதைதான், இன்னும் மோசமாக. திரும்பிப் போனால், "கம்ப்ரஸர் வீக் சார், பம்பிங்கே இல்ல" என்றார்கள். ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் பம்ப்தான் கம்ப்ரஸர். 24,000 ரூபாய். அம்மாவுக்கு வெயில் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது, அவரை வைத்துக்கொண்டு ராமநாதபுரம் போக வேண்டியிருந்தது. சரி, மாற்றுங்கள் என்றேன். கழற்றிய கம்ப்ரஸரைக் கேட்டபோது ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். புதியது வந்த அட்டைப்பெட்டியையும் காட்டவில்லை. பில் என்று கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு கைத்தாள், அதில் "ஏசி ஒர்க்" என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்புறமும் சிக்னலில் அதே சூடு.

கடைசியில் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, திருமங்கலம் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, முன் கிரில் வழியாகக் கண்டன்ஸர் (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) மேல் மக் மக்காக ஊற்றினார். "உள்ள கையை வச்சுப் பாருங்க தம்பி" என்றார். வண்டி நின்ற இடத்திலேயே ஜில்லென்று காற்று வந்தது. பிறகு கண்டன்ஸர் ஃபேனைக் காட்டினார். இறக்கை மேல் புழுதி அப்பிக்கிடந்தது, துளிகூடச் சுற்றவில்லை. ஃப்யூஸும் ரிலேயும் நன்றாக இருந்தன. மோட்டாருக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்தது, உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. புது மோட்டாரும் கூலியும் சேர்த்து 2,600 ரூபாய். அன்றிலிருந்து குளிர்கிறது. (எந்த நேரமும் ஃபேன் திடீரென்று ஓடும். இன்ஜின் ஓடும்போது அதன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.)

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்ஸரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். அது ஓடாவிட்டால் ஹை சைடு (கம்ப்ரஸர் கேஸை அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) அழுத்தம் எகிறும், பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். எங்கள் வண்டியில் ரேடியேட்டருக்குத் தனி ஃபேன் இருப்பதால் இன்ஜின் சூடாகவில்லை, எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. அதில் அளவுக்கு மேல் கேஸையும் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடும். மறுநாள் மோசமானதற்கு அதுதான் காரணம் என்றார் அவர்.

என் கோபமெல்லாம் கேஜ் மாட்டாததில்தான். நம் ஊர் வெயிலில் ஆர்134ஏ என்ற கேஸ் போடும் வண்டிக்கு லோ சைடு (கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் பக்கம்) சுமாராக 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு 200-க்கு மேல் காட்டும். கேஸ் குறைந்தால் இரண்டுமே இறங்கும். கம்ப்ரஸர் வலுவிழந்தால் லோ ஏறும், ஹை இறங்கும். ஃபேன் ஓடாவிட்டால் ஹை மேலே மேலே போகும். மூன்றும் மூன்று விதம், சில நிமிட வேலை. அதைப் பார்க்காமல் ஒரு குடும்பத்திடம் 24,000 ரூபாய் கேட்க எப்படி மனசு வருகிறது?

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. சீக்கிரமே குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது வீண் செலவு. முறையாகச் செய்பவர் இருக்கிற கேஸை எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அது நிற்கிறதா என்று பார்த்து, எடை போட்டுத்தான் ஏற்றுவார். எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானெட்டுக்குள் ஸ்டிக்கரிலேயே இருக்கும். கம்ப்ரஸரும் பழுதாகும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள், பழைய பாகத்தை உங்களிடமே தரச் சொல்லி வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டேன். "ஃபேனும் போயிருக்கும் சார், அது தனி வேலை" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். யுபிஐயில் பணம் போன பதிவும் அந்தக் கைத்தாளும்தான் ஆதாரம். அதற்குப் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மதுரையில் இதேபோல் கம்ப்ரஸர் மாற்றி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு எழுதுங்கள், சேர்ந்தே கேட்கலாம்.