பார்வையாளர் எண்ணிக்கையை மறைத்த பிறகு: நேரலையில் ஐந்து ஆண்டுகள்

மூன்று ஆண்டுகள் இணைய நேரலைகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு ஆண்டுகளாக, பென்சில் ஓவியம் வரைவதை வாரம் இரண்டு நாள் நானே நேரலையில் காட்டுகிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் எழுதத் தோன்றியது.

பார்வையாளனாக என்னைக் கட்டிப்போட்டது என் பெயர்தான். ஓர் இரவு, நான் கேட்ட கேள்வியை ஓவியர் ஒருவர் என் பெயரைச் சொல்லி வாசித்தார். நெஞ்சு படபடத்தது. அதன் பிறகு எத்தனையோ இரவுகள் தூக்கத்தைத் தொலைத்தேன். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை ஆழமாக ஊன்றும் என்று உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லேயே எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, தொலைக்காட்சியில் தோன்றுபவரிடம் நமக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொலைக்காட்சி பதில் சொல்லாது. நேரலை எப்போதாவது சொல்லும். அந்த 'எப்போதாவது' பொல்லாதது.

வரைய உட்கார்ந்தபோது முதலில் என்னை வாட்டியது மௌனம். "இந்த நிழல் அதிகமாகிவிட்டதா?" என்று கேட்பேன். பத்து நொடி ஒன்றும் வராது. மனம் சுருங்கி வேறு பேச்சுக்குத் தாவிய பிறகு மூன்று பதில்கள் வந்து விழும். என் குரல் அவர்களைச் சென்றடையவே சில நொடிகள் ஆகின்றன என்பது தாமதமாகத்தான் உறைத்தது. தாமதத்தைக் குறைக்கும் வசதி யூடியூபிலும் நேரலைத் தளமான ட்விட்சிலும் உண்டு. ஆனால் இணைப்பு மந்தமானால் படம் திக்கும். கேட்டுவிட்டுக் கை நிற்காமல் வரைந்துகொண்டே காத்திருப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது.

மௌனத்தைவிடக் கொடியது எண்ணிக்கை. 14 என்பது 11 ஆனதும் பேச்சு வேகமெடுக்கும், கோடு நடுங்கும். போன மூவருக்கு உறக்கம் வந்திருக்கலாம் என்று அறிவு சொல்லும், மனம் கேட்காது. எட்டாவது மாதம், திரையில் அந்த எண் தெரியும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன்.

அன்று ஒரு கண்ணை மட்டுமே நாற்பது நிமிடம் வரைந்தேன். அரட்டையில் ஒரு வரிகூட வரவில்லை. முடிக்கப்போகும் நேரத்தில் ஒருவர் எழுதினார்: "முதல் நாளிலிருந்து வருகிறேன். இதுவரை எதுவும் எழுதியதில்லை. படுக்கும் முன் பென்சில் உரசும் சத்தத்தைக் கேட்பதற்காகவே வருகிறேன்."

அடுத்த நேரலைக்கு முன் மைக்கைத் தாளுக்கு இன்னும் அருகில் நகர்த்தி வைத்தேன். காகிதத் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.