வாக்கர் ஏரிக்கு நீர் கொண்டு சேர்க்கும் திட்டம்: கடைமடையில் நின்று எழுதிய மதிப்புரை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஷர்ஸ் என்ற ஊரைக் கடந்து தெற்கே செல்லும்போது, இடப்புறம் வாக்கர் ஏரி நீண்டு கிடக்கிறது. வலப்புறம் கிராண்ட் மலை எழுகிறது. நீரைவிட முதலில் கண்ணில் படுபவை, கரைச் சரிவில் படிக்கட்டுகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும் பழைய நீர்மட்டக் கோடுகள்தாம். 1882-க்குப் பின் இந்த ஏரியின் மட்டம் 150 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. மே மாதத்தில் இரண்டு நாள்கள் இங்கும், ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மாநிலப் பூங்காவிலும் தங்கினேன். இந்த மதிப்புரை தங்குமிடத்தைப் பற்றியதன்று. ஏரிக்கு நீர் கொண்டு சேர்ப்பதைத் தன் பணியாக எடுத்துக்கொண்டுள்ள திட்டத்தைப் பற்றியது.

வாக்கர் ஆறு சியெரா நெவாடா மலைப் பனியில் பிறந்து, கிழக்கு, மேற்கு என இரு கிளைகளாக இறங்கி, மேசன் பள்ளத்தாக்கில் ஒன்றுகூடி, கடலைச் சேராமல் இந்த ஏரியிலேயே முடிகிறது. வெளியேறும் வழி இல்லாததால் ஆண்டுக்கு 4 அடிக்கு மேல் நீர் ஆவியாகப் போகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மேலே இருக்கும் பள்ளத்தாக்குகள் குதிரைமசாலுக்கும் பிற பயிர்களுக்கும் நீரைத் திருப்பிக்கொண்டன. தலைமடையில் வாய்க்கால் நிறைந்து ஓடும்போது கடைமடை காய்வது நம் ஊர்ப் பாசனம் அறிந்த துயரம். இங்கே காய்ந்த கடைமடை ஓர் ஏரி. 1882-இல் லிட்டருக்கு ஏறத்தாழ 2,500 மில்லிகிராமாக இருந்த உப்பு பல மடங்கு உயர்ந்தபோது, லஹோன்டன் கட்த்ரோட் டிரவுட் மீன் இந்த நீரில் வாழ முடியாமல் மறைந்தது. சிறு மீன்களும் குறைந்தன. அவற்றை உண்ண வந்த லூன் என்ற நீர்ப்பறவைகளுக்காக ஏரியை அடுத்த ஹாதார்ன் நகரம் நடத்திவந்த விழாவும் நின்றது.

2002-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பாலைவன முடிவு ஏரிகளுக்காக, அதாவது ஆறு வந்து முடியும், வெளியேறும் வழியற்ற ஏரிகளுக்காக, 20 கோடி டாலர் ஒதுக்கியது. 2009-இல் வாக்கர் படுகைக்கென்றே தனித் திட்டம் வந்தது. இப்போது வாக்கர் படுகைக் காப்பகம் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. விற்க விரும்பும் உழவரிடமிருந்து மட்டும் நீருரிமையை விலைக்கு வாங்கி, அந்த நீரை வாய்க்காலுக்குத் திருப்பாமல் ஆற்றிலேயே விட்டு ஏரி வரை காத்துக் கொண்டுவருவதே அதன் வழிமுறை. கூடுதலாக ஆண்டுக்குச் சராசரியாக 50,000 ஏக்கர்-அடி, நம் கணக்கில் சுமார் 2.2 டி.எம்.சி., தேவை என்பது இலக்கு. உப்பை 12,000 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் டிரவுட் மீண்டும் வாழலாம்.

இந்த வழிமுறையில் நான் மிக உயர்வாக மதிப்பது அதன் கணக்கு நேர்மையை. ஓர் உழவரின் உரிமை 100 பங்கு என்றால் அத்தனையும் ஏரிக்குப் போய்விடுவதில்லை. பயிர் உண்மையில் உறிஞ்சிக்கொண்ட பங்கு மட்டுமே மாற்றப்படுகிறது. வயலிலிருந்து வடிந்து மீண்டும் ஆற்றுக்கு வந்து அடுத்தவருக்குப் பயன்பட்ட பங்கு படுகையிலேயே இருக்கிறது. இங்கே முதலில் நீர் எடுக்கத் தொடங்கியவருக்கே முதல் உரிமை; வாங்கிய உரிமை அந்தப் பழைய முன்னுரிமை ஆண்டையும் இழப்பதில்லை. ஆகவே வறட்சியில் பிந்தைய உரிமைகளின் மதகுகள் மூடப்படும்போதும் மூத்த உரிமையின் நீர் ஓடுகிறது. விற்காத பக்கத்து வயல்காரர் நட்டப்படக்கூடாது என்ற இந்தக் கவனம் இல்லாவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் ஏரிக்கு எதிராக நின்றிருக்கும்.

குறை வேகத்தில்தான் இருக்கிறது. முதல் உரிமை மாற்றத்துக்கான வழக்கு மட்டுமே ஆண்டுக்கணக்கில் நடந்து, 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் ஏரிக்குச் சாதகமாக முடிந்தது. நீர் பொதுச் சொத்து என்ற கொள்கையைக் கொண்டு ஏரியை மீட்க, அது அமைந்துள்ள மினரல் மாவட்டம் தொடுத்த வழக்கில், ஏற்கெனவே தீர்ப்பளித்து வழங்கப்பட்ட உரிமைகளை அந்தக் கொள்கையால் மாற்றி வழங்க முடியாது என்று நெவாடா உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறிவிட்டது. எனவே ஒவ்வோர் உரிமையாக வாங்கும் இந்தப் பொறுமையான வழியையே ஏரி பெரிதும் நம்பியிருக்க வேண்டியதாகிறது. தேவையில் பாதி அளவுக்காவது உரிமைகள் கைக்கு வந்துள்ளன. 2023-இன் பெரும்பனி ஏரியை உயர்த்தியது உண்மையே. ஆனால் அது வானம் தந்த கொடை. அதைத் திட்டத்தின் வெற்றியாக எழுதுவது தவறு.

நீர் போன நிலத்தில் களையும் புழுதியும் எழும் என்ற உழவர்களின் அச்சமும் நியாயமானது. காப்பகம் அந்த வயல்களில் பாலைக்குரிய நாட்டுச் செடிகளை நட்டு வளர்க்கிறது. பாசனத்துக்குப் பழகிய மண்ணில் அவை வேரூன்றப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், இதற்கு இன்றே மதிப்பெண் தர எனக்கு மனம் வரவில்லை. வாங்கிய பண்ணைகளில் சில 2018-இல் வாக்கர் ஆற்று மாநிலப் பொழுதுபோக்குப் பகுதியாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதைத் தயக்கமின்றிப் பாராட்டுவேன். முன்பு தனியார் வேலிக்குள் இருந்த கிழக்கு வாக்கர் ஆற்றங்கரையில் இன்று எவரும் கூடாரம் அடிக்கலாம், தூண்டில் போடலாம்.

இந்தப் படுகையின் பூர்வகுடிகளான வாக்கர் ஆற்றுப் பையூட் மக்கள் தம்மை அகாய் டிக்கட்டா, அதாவது டிரவுட் உண்போர், என்று அழைக்கிறார்கள். ஏரியில் டிரவுட் இல்லாத இன்றும் அதுவே அவர்கள் பெயர். இந்தத் திட்டத்துக்கு இறுதி மதிப்பீடு எழுதும் உரிமை என் கணிப்பில் அவர்களுடையது.

செல்ல விரும்புவோர் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் செல்லுங்கள். முதலில் வபுஸ்கா என்ற இடத்தில் உள்ள நீரோட்ட அளவுமானியில் ஆற்றின் ஓட்டம் எவ்வளவு என்று இணையத்தில் பார்த்துக்கொண்டு, பூங்காவில் ஓர் இரவு தங்கி, ஆற்றோடு இறங்கி ஏரிக்கு வாருங்கள். நேரே ஏரிக்கு மட்டும் வந்தால் உப்புப் படிந்த கரையும் நீல நீரும்தான் தெரியும். அந்த நீர் யாருடைய வயலை விட்டு வந்தது என்பது தெரியாது.