வனாமியா, டைகரா? குளத்தடியை வைத்து ஒரு கணக்கு

எங்கள் குளங்களில் இப்போது ஓடுவது டைகர் இறால். சீர்காழிக்குக் கிழக்கே, உப்பனாற்றுத் தண்ணீரை நம்பி இறால் வளர்க்கும் ஊர்களில் இதைச் சொன்னால், "போன சனியனை ஏம்ப்பா திரும்பக் கூப்பிடுற?" என்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்து கிழக்குக் கடற்கரையின் டைகர் குளங்களைக் காலி செய்தது. கடலில் பிடித்த தாய் இறாலே வைரஸைச் சுமந்து வந்ததால், குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் என்ன கழுவினாலும் தீரவில்லை. 2009இல் வெளிநாட்டு இனமான வனாமி இறாலை வளர்க்க அனுமதி கிடைத்ததும் ஊரே அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்று நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் உறையவைத்த இறாலில் பெரும்பங்கு வனாமிதான். நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தவன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் குஞ்சு. இப்போது இரண்டிலும் கிடைப்பது எஸ்பிஎஃப் குஞ்சு. அதாவது, குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லை என்று சோதித்து, தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே வளர்த்த தாய் இறாலின் வாரிசு. மரபணுவை மாற்றிய இறால் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, நன்றாக வளரும் குடும்பங்களைப் பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்த இனம், அவ்வளவுதான். நோயே வராத இறால் என்று வேறு சிலர் நம்புகிறார்கள், அது இன்னும் பெரிய தப்பு. கிருமி இல்லாமல் பிறப்பது வேறு, கிருமி வந்தால் தாங்குவது வேறு. குளத்தில் விட்ட பிறகு அந்தச் சான்றிதழால் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

இனப்பெருக்க வேலையில் வனாமி வெகுதூரம் முன்னால் நிற்கிறது. பசிபிக் கரைக்காரனான அது தொட்டியில் சுலபமாக இணைசேரும். ஹவாயில் 1990 வாக்கிலேயே அதன் எஸ்பிஎஃப் இனத்தை உருவாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வளர்ச்சி வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வருகிறார்கள். டைகர் நம் கடல் இறால்தான், ஆனால் தொட்டியில் முட்டையிடப் பிடிவாதம் பிடிக்கும். அதை வசப்படுத்த நெடுங்காலம் ஆனது. நம் விவசாயி கைக்கு எஸ்பிஎஃப் டைகர் குஞ்சு வந்தது அண்மையில்தான். எதுவானாலும் இறக்குமதித் தாய் இறால் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டித்தான் ஹேச்சரிக்குப் போக முடியும். அந்த ஒரு வடிகட்டி இல்லாவிட்டால் நாம் என்றைக்கோ கடையைக் கட்டியிருப்போம்.

மற்றவை தெரிந்த விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு குறைந்த தண்ணீரை வனாமி தாங்கும், டைகர் அந்த அளவுக்குத் தாங்காது. தீவனத்தில் புரதம் டைகருக்குக் கூடுதலாக வேண்டும், அதனால் மூட்டை விலையும் கூடுதல். வனாமி தண்ணீரின் எல்லா மட்டத்திலும் நீந்துவதால் நெருக்கமாக விடலாம். டைகர் தரையில் கிடப்பது, நெருக்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். குஞ்சு விலையும் டைகரில்தான் அதிகம். இத்தனையிலும் வனாமிக்குத்தான் வெற்றி.

அப்புறம் ஏன் மாறினேன்? குளத்தின் அடித்தரைதான் காரணம்.

வனாமியின் லாபம் வருடத்துக்கு இரண்டு பயிர் எடுப்பதில் இருக்கிறது. ஒரு பயிருக்குக் கிட்டத்தட்ட நூறு நாள். வடகிழக்குப் பருவமழை மாதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் இரண்டு பயிருக்கு நடுவே குளம் காய நாளே கிடைப்பதில்லை. மேல்மண் வெளுத்திருக்கும், மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினால் கீழே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். அதன் மேலேயே தண்ணீர் ஏற்றி அடுத்த குஞ்சை விடுவோம்.

அந்தச் சேற்றில்தான் இஹெச்பி உட்கார்ந்திருக்கிறது. பூஞ்சை வகையைச் சேர்ந்த நுண்ணுயிர் இது. இறாலின் கல்லீரல்-கணையத்துக்குள் புகுந்துகொள்ளும். வெள்ளைப்புள்ளி வந்தால் சில நாளில் இறால் கரையொதுங்கி, கதை முடிந்துவிடும். தீவனச் செலவாவது அதோடு நிற்கும். இஹெச்பி கொல்லாது, வளரவும் விடாது. தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கிவைக்கும் தட்டான செக் ட்ரேயைத் தூக்கினால் தீவனம் காலியாகியிருக்கும், இறால் துள்ளும், எல்லாம் சரி என்றே தோன்றும். வீச்சு வலை போட்டுப் பார்த்தால்தான் விரல் நீளம் ஒன்று, அதில் பாதி ஒன்று என்று கலந்து வரும். தண்ணீர் மேல் வெள்ளை நூல் போல எச்சம் மிதக்கிறது என்றால் விஷயம் முற்றிவிட்டது.

கணக்குக்காக ஒரு ஹெக்டேர் வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 40 வனாமி என்றால் 4 லட்சம் குஞ்சு. எழுபது சதவீதம் பிழைத்து 50 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 50 இறால், வந்தால் 5.6 டன். அதே இறால் வளராமல் 100 கவுண்டிலேயே நின்றுவிட்டால் 2.8 டன், அதையும் அடிமட்ட விலைக்குத் தள்ள வேண்டும். ஆனால் தீவனமும், தண்ணீரில் காற்றுக் கலக்கும் ஏரேட்டர் ஓடிய கரண்டும் டீசலும் ஏறக்குறைய முழுசாகச் செலவாகியிருக்கும். டைகர் சதுர மீட்டருக்கு 10 என்றால் 1 லட்சம் குஞ்சு. அதே எழுபது சதவீதத்தில் 30 கவுண்ட் வந்தால் சுமார் 2.3 டன். பாதிகூட இல்லை, உண்மைதான். ஆனால் கவுண்ட் குறையக் குறைய கிலோ விலை ஏறும். தீவனம் பாதிக்கும் கீழே, ஏரேட்டரும் குறைவு. குளத்தில் முடங்கும் பணம் குறைவு என்பதால், சரக்கு போனாலும் ஆள் எழுந்து நிற்கலாம்.

டைகருக்கு இஹெச்பி வராதா? வரும். இந்தக் கிருமியை முதன்முதலில் விவரித்ததே 2009இல், தாய்லாந்தின் டைகர் இறாலில்தான். அதனால் இனத்தை மாற்றிவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. டைகர் வருடத்துக்கு ஒரே பயிர், நான்கைந்து மாதம். மிச்ச மாதம் குளம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் காலத்துக்குத்தான் நான் விலை கொடுக்கிறேன். தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட்டு, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுது, பிறகு நனைக்க வேண்டும். மண்ணின் பிஹெச் 12ஐத் தொட்டால்தான் இஹெச்பி வித்து சாகும்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். வயலுக்குப் போடும் சுண்ணாம்புத் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிப் போடுகிறார்கள். எத்தனை டன் கொட்டினாலும் அதில் பிஹெச் 12 வராது. சுட்ட சுண்ணாம்பிலும் காற்றுப்பட்டு நீர்த்துப்போன பழைய சரக்கு வீண். லாரி வந்ததும் ஒரு கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொதித்து ஆவி கிளம்பினால் இறக்குங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். இரண்டு பயிர் எடுப்பவர்களாலும் இதைச் செய்ய முடியும், முடியாது என்றில்லை. ஆனால் குத்தகைப் பணம் கழுத்தை நெரிக்கும்போது ஒரு பயிரை விட்டுக்கொடுத்துத் தரையைக் காயவிடுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

குஞ்சுச் சோதனை இரண்டுக்கும் பொதுச்செலவு. எங்களுக்கு ஒருமுறை வந்த குஞ்சுக்கு ஹேச்சரி கொடுத்த பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) தாள் சுத்தமாக இருந்தது, நாங்கள் தனியாக அனுப்பிய மாதிரியில் இஹெச்பி வந்தது. எந்த ஹேச்சரி என்று சொல்லிப் பயனில்லை, மறு வாரமே நல்ல குஞ்சும் கொடுத்திருப்பார்கள். தொட்டியின் பல மூலைகளிலிருந்து 150 குஞ்சாவது எடுத்து, ஆல்கஹாலில் போட்டு, நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நூற்றில் இரண்டு குஞ்சுக்கு நோய் இருந்தால்கூட அந்த அளவு மாதிரியில் பெரும்பாலும் சிக்கிவிடும். நாலைந்து குஞ்சை வைத்துச் செய்யும் சோதனை வெறும் ஆறுதல்.

சந்தை விஷயத்தில் என் பேச்சை அளந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது முதலில் அடிவாங்கியது வனாமி. ஈக்வடார் வனாமியை மலிவாகக் கொட்டுவது அதற்கு முன்பிருந்தே நடப்பது. டைகருக்கு ஜப்பானும் ஐரோப்பாவும் பழைய வாடிக்கை. ஆனால் எல்லோரும் டைகருக்குத் திரும்பினால் பெரிய கவுண்டுக்கு இன்றிருக்கும் விலை நிற்குமா என்றால், நிற்கும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன். மழைக்காலப் பயிராக டைகர் விட்ட அனுபவமும் எனக்கில்லை. கோடைப் பயிரை வைத்து மட்டுமே பேசுகிறேன்.

குளத்தடியில் தார்ப்பாய் விரித்து, நடுவில் கழிவை உறிஞ்ச வழி செய்து, ஜெனரேட்டரும் வைத்திருப்பவர் வனாமியிலேயே இருக்கட்டும். அவருடைய தரையில் சேறே சேராது, என் கணக்கு அவருக்குப் பொருந்தாது. உப்பு குறைந்த போர்வெல் தண்ணீரில் வளர்ப்பவரும் அப்படியே. மண் குளம், சொந்த நிலம், கையில் அளவான பணம் உள்ளவர் டைகரை யோசிக்கலாம். நல்ல எஸ்பிஎஃப் டைகர் குஞ்சு கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. கோடைப் பயிருக்கு மழைக்காலத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். சுண்ணாம்பு பழசானால் வீண் என்பதால், அதை வாங்குவதை மட்டும் தரையில் போடப்போகும் வாரம்வரை தள்ளிப்போடலாம்.