முன் ஆக்சில் ஹப்: கையால் பூட்டுவதா, தானாகப் பூட்டுவதா, பூட்டே வேண்டாமா?

வண்டி டூ-வீல் டிரைவில் ஓடும்போது முன்பக்கம் சக்கரம் மட்டும் சுழன்றால் போதும். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட், இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், அதற்கு விசை கொண்டுவரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்றும் சும்மா நிற்கலாம். அதற்காக வந்ததுதான், சக்கரத்தின் நடுவில் இருந்து அதை ஷாஃப்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப். ஆர்தர் வார்ன் 1948-இல் போர்க்கால ஜீப்புகளைச் சாலைக்கு ஏற்றபடி மாற்ற ஹப் செய்யத் தொடங்கினார். அதன்பின் கையால் திருப்புவது, தானாகப் பிடிப்பது, வாக்குவத்தில் (வெற்றிட இழுவிசையில்) இயங்குவது என்று பல வகைகள் வந்துவிட்டன. எதை வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் வசதியைத்தான் பார்க்கிறார்கள். பழுதானால் எந்தப் பாகம் உடையும், உடையுமுன் ஓட்டுபவருக்குத் தெரியுமா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

கையால் திருப்பும் ஹப்புக்கே எங்கள் ஓட்டு. டயலை லாக்குக்குத் திருப்பினால் உள்ளிருக்கும் பல் வளையம் நகர்ந்து, ஷாஃப்ட்டையும் சக்கர ஹப்பையும் கோர்த்துப் பிடிக்கும். முன்னே போனாலும், பின்னே வந்தாலும், இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் கொடுத்தாலும் பிடி விடாது. பூட்டியிருக்கிறதா என்பதை டயலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சேற்றில் இறங்குமுன் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும் என்பது ஒன்றே குறை.

இதிலும் இரண்டு ரகம் உண்டு. வெளியே போல்ட் போட்டு மாட்டும் ஹப்பில், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை முழுவதும் அந்த போல்ட்கள் வழியாகவே போகிறது. முந்தைய ஜீப் சி.ஜே. மாடல்களில் 6 போல்ட் இருந்தன. 80-களில் 5 ஆகக் குறைத்தார்கள். அந்த 5 போல்ட் ஹப், பெரிய டயர் போட்டால் போல்ட் தளர்ந்து அறுந்துபோவதற்குப் பெயர்போனது. போல்ட் லேசாகத் தளர்ந்ததுமே ஹப் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும், பிறகு ஒவ்வொன்றாக வெட்டுப்படும். ஷெவர்லேயின் '10-போல்ட்' எனப்படும் ஆக்சிலில் பின்னாளில் வந்ததுபோல, சக்கர ஹப்பின் உட்புறப் பல்லிலேயே செருகி வளையத்தால் நிறுத்தும் உள் ரகத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் உள் ரகமே மேல்.

டொயோட்டா ஹைலக்ஸின் பழைய சாலிட் ஆக்சில் ஹப்பும் வெளியே மாட்டுவதுதான். ஆனால் 6 ஸ்டட்களிலும் (நட் மாட்டும் மரைக்கம்பிகள்) பிளந்த கூம்பு வாஷர்கள் உட்கார்ந்து ஹப்பை ஆடவிடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. இதைக் கழற்றத் தெரிந்துகொண்டால் மற்ற ஹப்களும் எளிதாகிவிடும். டயலை ஃப்ரீயில் வைத்து, மூடியின் 6 சின்ன போல்ட்களை (10 மி.மீ. தலை) எடுக்கவும். ஷாஃப்ட் நுனியில் ஒரு சர்க்ளிப் (பிடிப்பு வளையம்) தெரியும். அதே நுனியில் எம்8 மரை இருக்கிறது. அதில் ஒரு போல்ட்டைத் திருகி ஷாஃப்ட்டை வெளியே இழுத்துப் பிடித்தால் சர்க்ளிப் தளர்ந்து வந்துவிடும். பிறகு 12 மி.மீ. சாக்கெட்டால் 6 நட்களையும் கழற்ற வேண்டும். கூம்பு வாஷர்கள் இழுத்தால் வராது. ஹப் விளிம்பில் ஸ்டட்டை ஒட்டிப் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினால் வாஷர் துள்ளி மேலே வரும். ஸ்டட்டின் தலையில் இரும்புச் சுத்தியால் அடித்தால் மரை போய்விடும். திரும்ப மாட்டும்போது நட்டுக்குச் சுமார் 31 நியூட்டன் மீட்டர், மூடி போல்ட்டுக்குச் சுமார் 10.

ஹப்புக்குள் பேரிங் கிரீஸைத் திணித்து அடைப்பது பரவலான தவறு. பல் வளையம் கெட்டியான கிரீஸில் சிக்கினால் டயல் திரும்பியும் பல் முழுதாகக் கோர்க்காது, குளிரில் இன்னும் மோசம். பாதி கோர்த்த பல் சுமை ஏறியதும் 'டப்' என்று வழுக்கும். இரண்டு தடவை வழுக்கினால் பல்லின் முனை மழுங்கிவிடும், அதன்பின் ஹப்பை மாற்றத்தான் வேண்டும். நன்றாகத் துடைத்து, பல்லில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவினால் போதும். டயல் மக்கர் செய்தால் கட்டிங் பிளேயரால் முறுக்காமல், வண்டியை ஒரு முழம் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கவும்.

ஃபோர்டு ரேஞ்சர், பிரான்கோ 2 போன்றவற்றில் வந்த தானியங்கி ஹப், ஷாஃப்ட் சுழன்றதும் உராய்வைப் பயன்படுத்தி ஒரு கேமை (சாய்வான தள்ளு பாகத்தை) தள்ளிக் கோர்த்துக்கொள்ளும். விடுவிக்க, டூ-வீலுக்கு மாற்றிவிட்டுச் சில மீட்டர் எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும். உராய்வுப் பாகம் தேய்ந்தால் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. செங்குத்தான இறக்கத்தில் விசையின் திசை மாறும் கணத்தில் ஹப் விட்டு மீண்டும் பிடிப்பதும் உண்டு. பின்சக்கரம் வேகமாக வழுக்கிக்கொண்டிருக்கும்போது ஃபோர்-வீலைப் போட்டால் உள்ளிருக்கும் சின்னப் பாகங்கள் நொறுங்கிவிடும். கடினமான பாதையில் ஓட்டுபவர்கள் இதைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்புவதைப் போடுவதே நல்லது. அப்படி மாற்றும்போது ஹப் மட்டும் வாங்கினால் போதாது. பல வண்டிகளில் பேரிங்கை நிறுத்தும் ஸ்பிண்டில் நட்டும் லாக் வாஷரும் வேறு அமைப்பு. அவையும் அடங்கிய மாற்றுக் கிட் என்று பார்த்து வாங்கவும்.

1999 முதல் ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் வந்த வாக்குவம் ஹப்பை அந்த அளவுக்கு ஒதுக்க வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்டதும் வாக்குவம் உள்ளே இழுத்துப் பூட்டும். அது வேலை செய்யாவிட்டால் டயலை ஆட்டோவிலிருந்து லாக்குக்குக் கையால் திருப்பலாம். பழுது வந்தால் பெரும்பாலும் ஹப் காரணமாக இருக்காது. வெடித்த ஹோஸ், ஹப்பின் ஓ-ரிங், நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள சீல் என்று இந்த மூன்றில் ஒன்றில்தான் கசிவு இருக்கும். கை பம்ப்பை ஹோஸில் மாட்டி வாக்குவம் இழுத்துவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்த்தால் எந்தப் பக்கம் கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

ஹப்பே இல்லாமல் ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கும் டிரைவ் பிளேட்டில் நகரும் பாகமே கிடையாது, அதனால் மிக உறுதியானது. நிரந்தர ஃபோர்-வீல் வண்டியான பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் இருப்பதும் இதுதான். ஆனால் ஹப் ஒரு ஃபியூஸ் மாதிரி. அதை உறுதியாக்கினால் அடுத்த பலவீனமான இடம், அதாவது சக்கரம் திரும்பும்போதும் ஷாஃப்ட்டைச் சுழலவிடும் இணைப்பான யூ-ஜாயிண்ட்டோ சி.வி. ஜாயிண்ட்டோ உடையும். ஹப் உடைந்தால் கால் மணி நேர வேலை, சி.வி. ஜாயிண்ட் உடைந்தால் நக்கிள் வரை பிரிக்க வேண்டும். லாக்கிங் ஹப் இருந்து ஷாஃப்ட் உடைந்தால், துண்டுகள் எங்கும் சிக்காதவரை டயலை ஃப்ரீயில் திருப்பி டூ-வீலில் வீடு வந்துவிடலாம். முன் டிஃபரன்ஷியலில் தானாகப் பிடிக்கும் லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் கருவி) போட்ட வண்டிக்கு டிரைவ் பிளேட் வேண்டவே வேண்டாம். சாதாரணச் சாலையில்கூட இரண்டு முன் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஸ்டியரிங் கனக்கும்.

நிரந்தர ஃபோர்-வீல் வண்டியில் லாக்கிங் ஹப் மட்டும் மாட்டி ஃப்ரீயில் விட்டால், முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் விசை முழுவதையும் சும்மா சுழலும் முன் ஷாஃப்ட்டுக்கே அனுப்பும். வண்டி நகராது. முன்னும் பின்னும் விசை அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸிலும் மாற்றம் செய்தாக வேண்டும்.

எந்த ஹப்பாக இருந்தாலும் ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு பக்கமாகச் சோதிக்கலாம். ஃப்ரீயில் சக்கரத்தைச் சுற்றினால் நக்கிளுக்குப் பின்னால் ஷாஃப்ட் சுற்றக் கூடாது. லாக்கில் கூடவே சுற்ற வேண்டும். நக்கிள் மூடியிருந்து ஷாஃப்ட் கண்ணில் படாவிட்டால், டூ-வீலில் இரண்டு பக்கத்தையும் லாக்கில் வைத்து, தூக்கிய சக்கரத்தைச் சுற்றும்போது முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழல்கிறதா என்று பார்க்கவும். இரண்டையும் சோதிக்காமல் விடக் கூடாது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டால் அந்தப் பக்க ஷாஃப்ட் மட்டும் வெறுமனே சுழலும். ஃபோர்-வீல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், முன்சக்கரம் இரண்டும் இழுக்காது.